எம்3 லீ: அடியில் சீவி மேலே ஒட்டிய ரிவெட்டுகள்

எங்கள் மேசைக்கு ஒரு பிளாஸ்டிக் மொடல் வந்தால் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்போம். இந்தப் பழக்கத்தைத் தொடக்கியவர், நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் நண்பர். மருதானையில் மணிக்கூடு திருத்துகிறவர். "முன்பக்கம் எல்லாருக்கும்தான் தெரியும், பின்மூடியைத் திறந்தாத்தான் திருத்தினவன்ட கை தெரியும்" என்பார். அதனால் எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்துக் கொண்டுபோனாலும் முதலில் அடிப்பாகம். எங்கே பசை வழிந்திருக்கிறது, எந்தச் சக்கரம் நிலத்தைத் தொடவில்லை, எல்லாம் அங்கே தெரிந்துவிடும். பிழை கண்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. எப்படித் திருத்தலாம் என்ற பேச்சு உடனே தொடங்கிவிடும்.

நாங்கள் நாலு பேர். சந்திப்பது பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில், கொட்டாஞ்சேனையில் அண்ணாவின் வீட்டு மேல்மாடியில். அண்ணா ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார், தின்னர், டேபன்டைன், சாண்ட் பேப்பர் எல்லாம் அவர் பொறுப்பு. மல்லி ராகமையிலிருந்து ரயிலில் வருவான், பொறியியல் படிக்கிறான், எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவான். நான் வெள்ளவத்தை. தமிழும் சிங்களமும் கலந்துதான் பேச்சு ஓடும். பிளேன்டீயும் மீன் ரோல்ஸும் தனி மேசையில் இருக்கும், பெயின்ட் மேசைக்கு வராது.

இந்தப் பதிவு எட்டு மாதமாக நான் செய்துவரும் எம்3 லீ என்ற, இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்க டாங்கியின் மொடல் பற்றியது. 1/35 அளவு. இந்த 35 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பார்கள். ஜப்பானிய மொடல் கம்பனியான தமியா 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியின் மொடலைச் செய்தபோது உள்ளே மோட்டாரும் பற்றரியும் கொள்ளவேண்டும் என்று அளவு வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் அது ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒன்று. மற்றக் கம்பனிகளும் அதையே பிடித்துக்கொண்டன. உண்மையான லீ 5.64 மீட்டர் நீளம், 3.12 மீட்டர் உயரம். மேசையில் அது 16 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் உயரம். டாங்கிக்கு இது அதிக உயரம்தான். வலப்பக்க உடம்பில் 75 மில்லிமீட்டர் பீரங்கி, மேலே சுழலும் கோபுரத்தில் 37 மில்லிமீட்டர் பீரங்கி என்று இரண்டு தட்டாக அடுக்கியிருக்கிறார்கள். 1941, 1942 இரண்டு வருடத்துக்குள் எல்லா வகையும் சேர்த்து 6,258 கட்டினார்கள். பிறகு ஷெர்மன் வந்து இதன் இடத்தை எடுத்துக்கொண்டது.

எனக்கு லீமேல் ஆசை வந்ததற்குக் காரணம் பர்மாப் போர்முனை. வட ஆபிரிக்காவில் பழையதாகிப்போன இந்த டாங்கி, 1944இல் பர்மா எல்லைக்கு அருகே இந்தியாவின் இம்பால் மலைகளில் பெரிய வேலை செய்தது. அந்தப் படைகளுக்கெல்லாம் மேலான மவுண்ட்பேட்டனின் தலைமையகம் அந்த ஏப்ரலில்தான் பேராதனைக்கு வந்தது. அதே மாதம் 13ஆம் திகதி, நம்முடைய சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாளில், நுன்ஷிகும் என்ற செங்குத்தான மலைமுகட்டில் பிரிட்டிஷ் மூன்றாம் கரபினியர்ஸ் படைப்பிரிவின் லீ டாங்கிகள் டோக்ரா காலாட்படையோடு ஏறின. சரிவில் வழி தெரியாததால் கொமாண்டர்கள் தலையை வெளியே நீட்டித்தான் வண்டியை நடத்த வேண்டியிருந்தது. ஒவ்வொருவராகச் சுடப்பட்டு விழுந்தார்கள். அதிகாரிகள் யாரும் மிஞ்சாத நிலையில் கிரடொக் என்ற சார்ஜன்ட் மேஜர் பொறுப்பெடுத்து முகட்டைப் பிடித்தார். இதை வாசித்த அன்றே லீதான் அடுத்தது என்று முடிவெடுத்துவிட்டேன்.

கிட் கைமாறி வந்தது. பல வருடம் யாரோ ஒருவரின் அலுமாரிக்கு மேல் கிடந்த பெட்டி. மூடியைத் திறந்ததும் எண்ணெய் மணம். பழைய கிட்டுகளில், டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலி மென்மையான வைனிலில் இருக்கும். அதை மெதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்து காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் கடினப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். நம்முடைய வெயிலுக்கு அது இன்னும் வேகமாக நடக்கும். பன்னிரண்டு சக்கரங்களில் ஐந்தைச் சங்கிலி கடித்திருந்தது. சப்பிப் போட்ட நெல்லிக்காய் மாதிரி விளிம்பில் பள்ளங்கள்.

இதற்குப் பட்டி போட்டால் நிற்காது, பிறகு பொரிந்து விழும். பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டுகளை நறுக்கி, கண்ணாடிக் குப்பி ஒன்றில் மெல்லிய மொடல் பசையை ஊற்றி ஊறவிட்டேன். இரண்டு நாளில் சீனிப்பாணி மாதிரி வந்துவிடும். அதைப் பள்ளத்தில் நிரப்பி ஒரு கிழமை தொடாமல் வைத்தேன். அவசரப்பட்டு மூன்றாம் நாள் தேய்த்தால் மேலே காய்ந்து உள்ளே பஞ்சாக இருக்கும். காய்ந்ததும் 400, பிறகு 800 சாண்ட் பேப்பர். இரண்டு சக்கரம் புதிது போல் வந்தது. மற்ற மூன்றும் முழுதாகச் சரிவரவில்லை. அவற்றின் காயம்பட்ட பக்கத்தை மேலே திருப்பி ஒட்டினேன், அங்கே சக்கரத்தைத் தாங்கும் கைகள் மறைத்துக்கொள்ளும்.

அடுத்தது மேல் உடம்பு. லீயின் உடம்பு முழுக்க ரிவெட் என்ற குமிழ்த்தலை ஆணிகள். பலகைகளை வரிவரியாக ரிவெட்டால் பூட்டியிருக்கிறார்கள். இதில் ஒரு ஆபத்து இருந்தது. வெளியே குண்டு பட்டால் ரிவெட்டின் வால் உடைந்து உள்ளே தெறிக்கும், உள்ளிருப்பவர்களுக்கு அதுவே இன்னொரு குண்டு. ஆனால் மொடல் செய்கிறவனுக்கு லீயின் அழகே அந்த வரிசைகள்தான். என் கிட்டில் முன்பலகையும் கூரையும் சேரும் இடத்தில் நகக்கண் அளவு இடைவெளி. பட்டி போட்டேன், தேய்த்தேன், இடைவெளி மறைந்தது. அதோடு பக்கத்தில் இருந்த ரிவெட்டுகளும் மறைந்துவிட்டன. எண்ணிப் பார்த்தால் 38.

முதலில் வெள்ளைப் பசையை ஊசிமுனையில் தொட்டுச் சொட்டுச் சொட்டாக வைத்துப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்க்க நல்லாத்தான் இருந்தது. சாய்வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று தட்டை. ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன்.

மல்லிதான் வழி சொன்னான். "ஐயே, யட்ட பலன்ன" (அண்ணே, அடியைப் பாருங்கள்) என்று டாங்கியைக் கவிழ்த்துக் காட்டினான். அடிப்பலகையிலும் அதே அளவு ரிவெட்டுகள் வரிசையாக இருந்தன. அங்கிருந்து சீவி மேலே ஒட்டு என்றான். எங்கள் மேசையில் முதலில் பார்ப்பதே அடிப்பாகத்தைத்தான் என்று நான் சொன்னேன். "பார்க்கட்டுமே, எடுத்தேன் என்று சொல்லலாம்தானே" என்றான். சரி என்று இறங்கினேன்.

இந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

ஒரு ரிவெட் கடுகில் பாதிகூட இல்லை. வெறுமனே சீவினால் பறந்துவிடும், பிறகு தரையெல்லாம் தேடவேண்டியதுதான். அதற்கு முன் அந்த இடத்தில் தூரிகையால் ஒரு துளி தண்ணீர் வைக்க வேண்டும். புது பிளேட்டைப் பலகையோடு படுக்க வைத்து மெதுவாகத் தள்ளினால் ரிவெட் கழன்று ஈரத்தோடு பிளேட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும். பிளேட் பழையது என்றால் ரிவெட் நசுங்கும். நான் பத்துக்கு ஒரு பிளேட் மாற்றினேன்.

வைக்கும் இடத்தைக் குறிப்பது அடுத்த சிக்கல். சின்ன வயதில் காசைக் கடதாசிக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுப்போமே, அதையே செய்தேன். ரிவெட் அழியாத விளிம்பில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி மேலே பென்சிலால் தேய்த்தால் வரிசை அப்படியே பதியும். அந்த டேப்பை உரித்து அழிந்த இடத்தில் ஒட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியால் குத்தி ஒரு சின்னக் குழி. டேப்பை எடுத்துவிட்டு, நுனியை நனைத்த பல்குத்தும் குச்சியால் ரிவெட்டைத் தூக்கிக் குழியில் வைக்க வேண்டும். தண்ணீர் காயும்வரை பொறுத்து, மெல்லிய பசையில் தோய்த்த தூரிகையைப் போத்தல் வாயில் நன்றாக வழித்துவிட்டு, ஏறக்குறைய காய்ந்த நுனியால் ரிவெட்டின் ஓரத்தைத் தொட வேண்டும். பசை தானாக அடியில் ஓடும். கொஞ்சம் கூடினாலும் ரிவெட் வெண்ணெய் மாதிரி உருகிப் படுத்துவிடும். முதல் மூன்று அப்படித்தான் போயின. நாலாவதில் கை பிடிபட்டது. ஒரு இருப்பில் பத்துக்கு மேல் ஒட்டக்கூடாது என்று வைத்துக்கொண்டேன், அதற்குப் பிறகு கண் பொய் சொல்லத் தொடங்கும். நாலு இரவு வேலை.

கோபுரத்தில் அதிகம் மெனக்கெடவில்லை. பர்மாப் படங்களில் பல லீகளுக்கு மேலே இருக்கும் குப்போலா என்ற குட்டிக் கோபுரம் இல்லை, அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண மூடி போட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் தகட்டில் இரட்டைக் கதவு வெட்டித் திறந்தபடி ஒட்டினேன்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா 1995 ஒக்டோபர் கடைசியில், யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழிப் பக்கமாக மழையில் நடந்து வந்தவர். டாங்கி என்ற சொல் எங்கள் வீட்டில் விளையாட்டுச் சொல் இல்லை. நான் இதைச் செய்யத் தொடங்கிய காலத்தில் அவர் கேட்டது ஒன்றுதான்: ஹோல் ஷோகேஸில் வைக்கவேண்டாம். அதை நான் மீறியதில்லை, செய்தவை எல்லாம் என் அறையில்தான். எனக்கு இது உலோகத்தையும் வரலாற்றையும் கையால் விளங்கிக்கொள்கிற வேலை. அவருக்கு அது ஒரு சத்தம். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

ஒருநாள் இரவு ரிவெட் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

"உதுக்குள்ள எத்தினை பேர் இருப்பினம்?"

"ஆறு பேர், சிலதில ஏழு பேர் அம்மா."

"எரிஞ்சால் வெளியில வர வழி இருக்கே?"

லீயின் இரண்டு பக்கமும் ஆள் நுழையும் கதவு இருக்கிறது. பின்னால் கட்டியவற்றில் அதை நிறுத்திவிட்டார்கள், என் கிட்டில் இருந்தது. பக்கக் கதவை எடுத்து உடம்பில் பொருத்திக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் கோப்பையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார். கதவுகளை மூடி ஒட்டுவதாகத்தான் நினைத்திருந்தேன். அடுத்த நாள் இரண்டையும் திறந்தபடி ஒட்டினேன். திறந்தால் உள்ளே தெரியும், உள்ளே வெள்ளை அடிக்க வேண்டும், இருக்கையின் முதுகாவது செய்ய வேண்டும். அதற்கு இரண்டு கிழமை கூடப் போனது.

பெயின்டுக்குத் தமியா எக்ஸ்எஃப்-62 ஒலிவ் டிராப். அப்படியே அடித்தால் சின்ன மொடலில் கறுப்பாகத் தெரியும், அதனால் கொஞ்சம் மங்கல் மஞ்சள் கலந்தேன். பெயின்டைக் காற்றால் தெளிக்கும் எயார் பிரஷ்ஷில் மூன்று மெல்லிய பூச்சு. இதுவரை சுகமாகவே போனது. அதற்குமேல் மினுக்கு லாக்கர் அடித்த இடத்தில்தான் பிழை விட்டேன். மழை விட்ட பின்னேரம், பல்கனியில் கடற்காற்று. லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது அடித்த இடம் குளிர்ந்துபோகும், காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது அங்கே பனியாகப் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் என் டாங்கி திருநீறு பூசியது மாதிரி வெளுத்துவிட்டது.

அன்றிரவு தேய்த்து எடுக்கத்தான் போனேன். நல்லவேளை, முதலில் அண்ணாவுக்குப் போன் போட்டேன். "தொடாத தம்பி, அப்படியே மூடி வை. வெயில் வரட்டும்" என்றார். அடுத்த நாள் அவர் கடையிலிருந்து மெதுவாக ஆவியாகும் ரிடாடர் தின்னர் கொண்டுவந்தார். இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி வெயிலில், பூச்சே இல்லாமல் அந்தத் தின்னரை மட்டும் எயார் பிரஷ்ஷில் போட்டு ஒரு முழத் தூரத்திலிருந்து புகைபோல் விட்டோம். மேல்பூச்சு லேசாக இளகி உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறியது. கண்முன்னால் வெள்ளை போய்ப் பச்சை திரும்பி வந்தது. கிட்டப் போய் அடித்தால் பெயின்ட் ஓடிவிடும், அதனால் தூரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. பின்பக்க மூலையில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு நின்றது. அங்கே தூசி படிய வேண்டிய இடம்தான்.

இப்போது லாக்கர் அடிப்பதென்றால் காலையில்தான். காய வைக்க ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் 40 வாட் குண்டு பல்ப் பூட்டி வைத்திருக்கிறேன். உள்ளே கையை வைத்தால் சுகமான சூடு இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் வளையும். கரண்ட் இல்லாத நேரத்தில் குப்பி விளக்கு, மெழுகுதிரி வெளிச்சத்தில் தின்னரோடு வேலை செய்யவே கூடாது. 2022இல் 13 மணி நேரம் கரண்ட் போன நாட்களில் இதை எங்களுக்குள் கட்டாய விதியாக்கினோம். அந்த நாட்களில் டோர்ச் வெளிச்சத்தில் பாகங்களை வெட்டி வழிப்பது மட்டும்தான்.

வெள்ளை நட்சத்திரத்துக்கு டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) ஒட்டவில்லை. ரிவெட் வரிசைமேல் டிகால் படியாது, அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மினுங்கும். மாஸ்கிங் டேப்பில் நட்சத்திரம் வெட்டி அடித்தேன். ஓரம் அவ்வளவு கூர்மை இல்லை, போர்க்களத்தில் கையால் அடித்ததும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சங்கிலிக்குத் தனித்தனித் துண்டுகளாகப் பூட்டும் செட் வாங்கினேன். லீக்கு ஒரு பக்கம் 79 கட்டை, ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு இணைப்பு. இரண்டு பக்கமும் சேர்த்தால் 474 துண்டு. இதில் பாதியை நானா பூட்டித் தந்தார். கண்ணில் மணிக்கூட்டுக் கண்ணாடி, கையில் சாவணம், வாயில் மெல்லிய பாட்டு. பசை இணைப்பின் நடுவில் மட்டும் படவேண்டும், ஓரத்துக்குப் போனால் சங்கிலி மடங்காது. நான் பூட்டிய பக்கத்தில் நாலு இடம் இறுகியிருந்தது, அவர் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. சங்கிலிக்குத் துரு நிறம் அடிப்பதைப் பல இடத்தில் பார்க்கிறேன். இந்தக் கட்டைகள் றப்பர், றப்பர் துருப்பிடிக்காது. கடுஞ்சாம்பல் அடித்து, ஓர இணைப்புகளில் மட்டும் பென்சில் கரியைத் தேய்த்து இரும்பு மினுக்கம் கொடுத்தேன். தூசிக்குச் சோக் பேஸ்டலில் மஞ்சளும் செம்மண் நிறமும் சுரண்டிக் கலந்து, டேபன்டைனில் குழைத்து அடிப்பக்கத்தில் விட்டேன். ஏப்ரலில் அங்கே பெருமழை தொடங்கியிருக்காது, அதனால் சேறு இல்லை, தூசிதான்.

போன போயாவுக்குக் கொண்டுபோனேன். மேசையில் வைத்ததும் நானே எடுத்துக் கவிழ்த்தேன். அடிப்பலகை மொட்டையாக இருந்தது, சீவிய தடம் வட்டம் வட்டமாகப் பெயின்டுக்கு மேலாகவும் தெரிந்தது. எங்கிருந்து எடுத்தேன், எப்படி ஒட்டினேன் என்று சொன்னேன். மல்லிக்கு முகமெல்லாம் சந்தோசம். அண்ணா பக்கக் கதவுக்குள் டோர்ச் அடித்து உள்வெள்ளையைப் பார்த்து, ஏன் திறந்து வைத்தாய் என்று கேட்டார். அம்மா கேட்டதைச் சொன்னேன். அவர் டோர்ச்சை அணைத்துவிட்டு, கதவின் கீலை விரலால் ஒருதரம் தொட்டுப் பார்த்தார்.

நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கினார். அடியில் தடம் 41. உருகிய மூன்றைக் கழித்தால் 38, கணக்குச் சரி. நிமிர்த்தி மேலே எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"முப்பத்தேழுதான் இருக்கு தம்பி."

இடப்பக்க விளிம்பில், வெளிச்ச விளக்குக்குப் பின்னால் ஒரு குழி வெறுமையாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது விழுந்திருக்கலாம், பெயின்டுக்கு முன்பே போயிருக்கலாம். அண்ணா புது பிளேட் ஒன்றைப் பிரித்துத் தந்தார். மல்லி டாங்கியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டான். ஒரு துளி தண்ணீர் வைத்து நாற்பத்திரண்டாவதைச் சீவினேன், நானா சாவணத்தால் எடுத்துக் குழியில் உட்கார வைத்தார். பச்சைப் போத்தல் வெள்ளவத்தையில் இருக்கிறது. அதனால் ஒரு ரிவெட்டின் உச்சி மட்டும் இன்னும் வெறும் பிளாஸ்டிக் நிறத்தில் இருக்கிறது.